பதினான்காம் நாளின் புள்ளி

கல்லூரிக்கு எதிரே என் கடை. முப்பது வருடமாக அடுத்தவர்களின் அறிவைத் தட்டச்சு செய்து கொடுத்து வருகிறேன். ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், ஒரு நகல் இயந்திரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் நான் வெந்துபோவேன். தாள்தான் முக்கியம் என்று முடிவு செய்து பல வருடமாகிறது.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது என்றால் என்னவென்று தெரியாதவர்கள் புண்ணியவான்கள். எழுதுவதுகூட எப்படியோ முடிந்துவிடும். எழுதியதை அவர்கள் கேட்கிற மாதிரி அடுக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். வரிக்கு வரி எண் போட வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே இன்னொரு வரி படுத்துறங்கும் அளவுக்கு இடம் விட வேண்டும். படங்கள் தனிக் கோப்பு, படத்தின் விளக்கம் தனிக் கோப்பு. எழுதியவர் யார் என்று கட்டுரையில் எங்கேயும் தெரியக் கூடாது, தெரிந்தால் மதிப்பிடுகிறவர் முகதாட்சண்யம் பார்த்துவிடுவாராம். ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடு என்பான் ஒருத்தன், அடைப்புக்குறியே கூடாது என்பான் இன்னொருத்தன். இந்தக் கமாவை எடுத்துவிட்டு அந்தக் கமாவை வைத்ததிலேயே என் பாதி ஆயுள் போயிற்று.

என் கடைக்கு மேல் மாடியில் டீச்சரும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். வந்து ஆறு வருடம். டீச்சர் எதிர்க் கல்லூரியில் நிலவியல் துறையில் தற்காலிக ஆசிரியை. பதினொரு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் கடிதம் கொடுத்து நீட்டிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், தோட்டக்காரர் பெயருக்கு மேலே. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மேசை உண்டு, அவளுக்கு பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி மட்டும். விடைத்தாள் திருத்துவதென்றால் மடியில் வைத்துத்தான் திருத்துவாள்.

அவள் புருஷனை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் சொல்வோம். ஊருக்கு வெளியே கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு சின்ன நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே தண்ணீருக்குள் எண் போட்ட அளவுகோல் ஒன்றை நட்டிருக்கிறார்கள். தினமும் காலை ஆறரைக்குச் சைக்கிளில் போய், படியிறங்கி, தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், மட்டம், மழை உண்டா இல்லையா, வானம் எப்படி, கையெழுத்து. இருபத்தொரு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. அதிகம் பேசாத மனிதர். "தம்பி, இன்னிக்கு எப்படி?" என்று கேட்டால், "ரெண்டு குறைஞ்சிருக்குக்கா" என்பார். நான் அவர் உடம்பைக் கேட்டிருப்பேன், அவர் தண்ணீரைச் சொல்வார்.

அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள். இந்த வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, ஏழு வயதில், ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். நான் பார்த்ததில்லை. கூடத்துச் சுவரில் முன்பல் விழுந்த ஒரு போட்டோ இருந்தது. குட்டி என்று கூப்பிடுவார்களாம். அதற்கு மேல் அவர்கள் சொன்னதில்லை, நானும் நோண்டியதில்லை.

போன வருடம் கல்லூரியில் ஒரு நிரந்தர இடம் காலியானது. டீச்சருக்கு வயது வரம்பு முடிய ஒரு வருடம்தான் இருந்தது. பாடம் நடத்துவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கல்லூரி ஏற்கிற பட்டியலில் உள்ள ஆய்விதழ் ஒன்றில் ஒரே ஒரு கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும், ஏற்புக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கட்டுரை இல்லாவிட்டால் அந்த நாற்காலியும் இல்லை.

"என்கிட்ட ஆராய்ச்சிக் கூடமா இருக்கு அக்கா?" என்றாள் டீச்சர். "கருவி இல்ல, ஆள் இல்ல. வீட்ல இருக்கறது ஒரு அளவுக்காரர். அவர் அளந்ததைத்தான் எடுத்து எழுதப் போறேன்."

நீர்த்தேக்க அலுவலகம் வருடத்துக்கு ஒரு முறை நாள்வாரிப் பட்டியலை அச்சிடும். யார் வேண்டுமானாலும் நூலகத்தில் பார்க்கலாம். டீச்சர் இருபது வருடப் பட்டியலையும் நகலெடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு வருடத்தில்தான் விஷயம் இருந்தது. கோடையில் இருபத்துமூன்று நாட்கள் தண்ணீர் கடகடவென்று இறங்கியிருக்கிறது. மதகு மூடியிருக்கிறது, யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. வெயில் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு, அதைப் போல நாலு மடங்கு இறங்கியிருக்கிறது. அடியில் எங்கோ வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் குறைந்து அழுத்தம் மாறும்போது அது வாய் திறக்கிறது என்பது டீச்சரின் முடிவு. இதுவரை யாரும் சொல்லாதது.

"நல்ல விஷயந்தானே டீச்சர், ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது குட்டி எங்களை விட்டுப் போன வருஷம் அக்கா. அதே நாட்கள். நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தோம். மாத்தாள்தான் யாராவது அளந்திருப்பாங்க. இவர் வேற வருஷம் எடுத்துக்கோயேன்னு சொல்றார். எனக்கும் அந்த வருஷத்தைத் தொடவே கை வரல. ஆனா தண்ணி அந்த வருஷத்துலதானே இறங்கியிருக்கு? நான் என்ன பண்றது?"

எழுதினாள். நான் அடித்தேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வருவாள், ஒரு கையில் பன், ஒரு கையில் திருத்தம் போட்ட தாள். "இந்த வாக்கியத்தை மேல கொண்டு போங்கக்கா" என்பாள். கொண்டு போவேன். மறுநாள், "பழைய இடத்துலயே இருக்கட்டும்" என்பாள். வேறு யாராவது என்றால் மூஞ்சியில் அடித்த மாதிரி கேட்டிருப்பேன். இவளைக் கேட்க மனம் வரவில்லை. வந்த புதிதில் இரண்டு வருடம் மாடியை விட்டு வேலைக்கு மட்டும் இறங்கி, திரும்பி வந்து படுத்துக்கொண்டவள் இவள். இப்போது கண்ணில் வெளிச்சத்தோடு என்னிடம் சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஆய்விதழ் நாலு மணி நேரத்தில் திருப்பி அனுப்பியது. எங்கள் எல்லைக்குள் வராதாம். நாலு மணி நேரத்தில் படித்தானா, தூக்கி எறிந்தானா என்று நான் சத்தம் போட்டேன். இரண்டாவது, ஐந்து மாதம் ஊறப்போட்டுவிட்டு, உங்கள் ஆங்கிலத்தை யாரிடமாவது காட்டித் திருத்துங்கள் என்றது. பிறகு மூன்றாவது ஆய்விதழ். மறுபடியும் எல்லாக் கமாவும் இடம் மாறின. அவர்களுடைய இணையதளத்தில் ஏழு படிகள். ஆறாவது படியில் படம் சிறிதாக இருக்கிறது என்று தள்ளிவிட்டது. பெரிதாக்கினால் கனமாக இருக்கிறது என்றது. மூன்று மத்தியானம் மல்லுக்கட்டி, கடைசியில் கட்டுரை எண் ஒன்று வந்தது. டீச்சர் அந்த எண்ணைக் கைப்பையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மதிப்பிட்டவர்கள் இரண்டு பேர். முதல் ஆள் நாலு வரி எழுதியிருந்தார், நாலும் பாராட்டு. இந்த வேகமான இறக்கம் அரிய பதிவு என்றும், ஒரு நாள் விடாமல் அளந்தவரின் கடமை உணர்வு போற்றத்தக்கது என்றும் இருந்தது. இரண்டாம் ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதினான்காம் நாளில் மழையே இல்லாமல் நீர்மட்டம் ஒன்பது சென்டிமீட்டர் ஏறியிருக்கிறதே, எப்படி? அளவு நோட்டின் பக்கங்களோடு விளக்கவும். அளந்ததில் பிழை என்றால் அந்தப் புள்ளியை நீக்கிவிட்டு வரைபடத்தைத் திருத்தி அனுப்பவும், ஏற்றுக்கொள்கிறோம். மூன்று வாரம் அவகாசம்.

"ஒரு புள்ளி அக்கா! ஒரே ஒரு புள்ளி!" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். டீ வரவழைத்தோம். அளவுக்காரரையும் மாடியிலிருந்து கூப்பிட்டாள். அவர் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"ஏங்க, அந்த வருஷத்து நோட்டு வேணும். நாளைக்குக் கொண்டுவந்துடுங்க."

"அது எதுக்கு இப்ப? புள்ளியை எடுத்துட்டாப் போச்சுன்னு அவங்களே சொல்றாங்களே."

"ஏன் ஏறிச்சுன்னு பாக்க வேணாமா? மேலேருந்து யாராவது தண்ணி விட்டிருக்கலாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே?"

"பழைய நோட்டெல்லாம் பீரோல அடியில கிடக்கு. எலி கடிச்சிருக்கும்."

"கடிச்சது போக மிச்சம் இருக்கும்ல?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார். மறுநாள் சாவி இல்லை என்றார். அதற்கு மறுநாள் மேற்பார்வையாளர் லீவு என்றார். இரண்டு வாரம் ஓடியது. எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. பெண்டாட்டிக்கு வேலை கிடைக்கப் போகிறது, ஒரு நோட்டை எடுத்துவர இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று அவர் காதுபடவே முணுமுணுத்தேன்.

கடைசியில் டீச்சரே ஒரு சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. நோட்டைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எலியும் கடிக்கவில்லை, ஒன்றும் கடிக்கவில்லை. நீள நோட்டு, கெட்டி அட்டை, ஓரம் மட்டும் பழுத்திருந்தது.

"முதல்ல சரி பாத்துடலாம் டீச்சர், அப்புறம் நகல் எடுக்கலாம்" என்றேன். நோட்டில் இருப்பது அளவுகோலின் எண். அச்சுப் பட்டியலில் அது அப்படியே வராது, கோல் நட்ட இடத்தின் உயரத்தையும் கூட்டித்தான் போடுவார்கள். நோட்டில் நூறு என்றால் அச்சில் நானூற்றுப் பதினேழு. அவள் நோட்டைப் பார்த்துப் படிக்க, நான் கூட்டி அச்சோடு ஒப்பிட ஆரம்பித்தோம்.

அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே, "இது இவர் கையெழுத்தால்ல இருக்கு" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். ஆமாம். தேதி, ஆறு முப்பது, மட்டம், கையெழுத்து. எல்லாம் அளவுக்காரருடையது. இருபத்துமூன்று நாளும் ஒரே மை.

"இவர் போகவே இல்லையே அக்கா. குளிக்கக்கூட வீட்டுக்குப் போகல. என் பக்கத்துலயே இருந்தார்."

"சரி, அப்புறம் கேட்டுக்கலாம். படி."

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. நூத்தி முப்பத்தேழு. நூத்தி முப்பத்தஞ்சு. நூத்தி இருபத்தொம்போது." அங்கே குரல் தேய்ந்தது. "நூத்தி இருபத்தி நாலு" என்று சொல்லிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன டீச்சர், தலை சுத்துதா?"

"நூத்தி இருபது" என்றாள் கண்ணைத் திறக்காமல். நான் நோட்டைப் பார்த்தேன். ஆறாம் நாள், நூற்றி இருபது. "நூத்திப் பதினேழு. நூத்திப் பன்னெண்டு. நூத்தி ஆறு." நோட்டு என் கையில் இருந்தது. என் விரல் வரிக்கு வரி இறங்கியது. ஒரு எண்கூடத் தப்பவில்லை. "நூத்தி ஒண்ணு. தொண்ணூத்தேழு. தொண்ணூறு. எம்பத்தி நாலு." அங்கே நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "தொண்ணூத்தி மூணு. அன்னிக்கு ரத்தம் ஏத்தினாங்கக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நோட்டை மேசை மேல் வைத்துவிட்டேன்.

"கட்டிலுக்குக் கீழ்ப் பக்கத்துல ஒரு அட்டை தொங்கும். தினமும் காலையில ரத்தம் எடுத்துட்டுப் போய், தட்டணுக்கள் எத்தனை ஆயிரம்னு எழுதுவாங்க. எப்ப வருவாங்க, என்ன எழுதுவாங்கன்னு நாங்க அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். இறங்கிக்கிட்டே போச்சு. ரத்தம் ஏத்தின அன்னிக்கு மட்டும் ஒம்போது ஏறிச்சு. எழுந்து உக்காந்தா. ஆரஞ்சு வேணும்னு கேட்டா. ரெண்டு சுளை சாப்பிட்டு, அப்பாவுக்கு ஒண்ணு ஊட்டினா. பொழைச்சுடுவான்னு நெனச்சோம்."

அவளே நோட்டை இழுத்து, கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனாள். இருபத்துமூன்றாம் நாள். ஆறு முப்பது. ஐம்பத்தெட்டு. மழை: இல்லை. வானம்: தெளிவு.

"ஆறு இருபதுக்குப் போனாக்கா. அன்னிக்கு அப்படி ஒரு மழை. அவளைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குப் போக முடியாம ஆஸ்பத்திரி வாசல்லயே முக்கால் மணி நேரம் நின்னோம். மழை இல்லையாம். தெளிவாம்."

அதற்கு அடுத்த வரி வேறு கையெழுத்து. மாற்றாள் அன்றைக்குத்தான் வந்திருக்கிறான். நூற்றி இருபத்தெட்டு, நேற்றுக் கனமழை. ஐம்பத்தெட்டிலிருந்து நூற்றி இருபத்தெட்டு. ஒரே மழையில் இவ்வளவா என்று யாரும் கேட்கவில்லை. மதிப்பிட்ட மகானுபாவர்களும் கேட்கவில்லை.

அளவுக்காரர் பதினொரு மணிக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே மேசை மேல் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டார். நான் கடைக் கதவைப் பாதி இறக்கினேன். எழுந்து வெளியே போகப் பார்த்தேன், டீச்சர் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உக்காருங்க" என்றாள் அவரிடம். அவர் உட்காரவில்லை.

"மாத்தாள் வரல" என்றார். "ரெண்டாம் நாளே மேற்பார்வையாளருக்குப் போன் பண்ணேன். ஆள் இல்ல, காலியா விட்டா எனக்கும் உனக்கும் சேர்த்து விளக்கம் கேப்பாங்க, வந்து நெரப்பிக்கோன்னார். எல்லாம் முடிஞ்சு பன்னெண்டு நாள் கழிச்சு வேலைக்குப் போனேன். நோட்டு இருபத்திமூணு வரி காலியா இருந்துச்சு. நெரப்புன்னார்."

"தண்ணியை நெரப்பச் சொன்னாங்களா, என் பொண்ணை நெரப்பச் சொன்னாங்களா?"

"பொய்யா எழுதத் தெரியல எனக்கு. அதுவரைக்கும் பதிமூணு வருஷமா பாக்காத எண்ணை எழுதினதே இல்ல. பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு எண்ணும் வரல. அந்தத் தேதிக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்ச எண் அது ஒண்ணுதான். நான் கண்ணால பாத்த எண். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் தண்ணி நூத்தி நாப்பத்தி நாலு. அவளுக்கு மொத நாள் நூத்தி நாப்பத்தி ரெண்டு. வந்து ஒட்டிக்கிச்சு. எழுதிட்டேன்."

"நான் இதை வச்சு ஒரு வருஷமா எழுதறேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"வேற வருஷம் எடுத்துக்கோன்னு மூணு தடவை சொன்னேன்."

"ஏன்னு ஒரு தடவை சொன்னீங்களா?"

"சொன்னா நிறுத்திடுவ. ரெண்டு வருஷம் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தவ நீ. எழுந்து உக்காந்து கோடு போட்டுக்கிட்டு, அக்காகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது? யாரும் திருப்பித்தான் அனுப்புவாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேர் அனுப்பினாங்கல்ல? மூணாவது ஆள் இப்படிப் பாராட்டுவான்னு கண்டேனா?"

டீச்சர் சிரித்தாள். 

"அந்த அட்டையைக் குடுங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் நடந்தேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். "பழைய காகிதமெல்லாம் எரிச்சுட்டோம்னு சொன்னான். வாசப்படியில உக்காந்து அழுதேன். பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்தீங்களே! ஒரு வார்த்தை சொன்னீங்களா? எல்லாத்தையும் எழுதி உங்க பீரோல வச்சுப் பூட்டிக்கிட்டு, எனக்குத் தண்ணி குடுத்தீங்க."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

நான்தான் வாயைத் திறந்தேன். "டீச்சர், கட்டுரையைத் திரும்ப வாங்கிடு. எழுத்தாளர் விருப்பத்தால்னு ஒரு வரி போதும். நானே அடிச்சுத் தரேன்."

"வாங்கிட்டு? அடுத்த மாசம் எனக்கு வயசு முடியுது அக்கா. அப்புறம் மடியில வச்சுத் திருத்தறதுக்கும் தாள் வராது."

"நான் போய் ஆபீஸ்ல சொல்லிடறேன்" என்றார் அவர். "வேலை போனாப் போகட்டும்."

"போகட்டும். ரெண்டு பேரும் மாடியில உக்காந்து போட்டோவைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். அதைத்தானே எட்டு வருஷமா பண்றோம்?" கணினிப் பக்கம் திரும்பினாள். "அக்கா, பதிலை அடிங்க. மதிப்பீட்டாளருக்கு நன்றி. பதினான்காம் நாள் அளவு, கோலைப் படித்ததில் நேர்ந்த பிழை. அந்தப் புள்ளி நீக்கப்பட்டது."

அளவுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "இந்தா பாரு. மீதி இருபத்திரெண்டையும் என்ன வேணா பண்ணிக்கோ. அதை எடுக்காத."

"அது இருந்தா ஏத்துக்க மாட்டாங்க."

"அன்னிக்கு ஒரு நாள்தான் அவ..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்று டீச்சர் கத்தினாள். தெருவில் போனவர்கள் குனிந்து கதவுக்குள் பார்த்தார்கள். "எனக்கு ஊட்டல. உங்களுக்குத்தான் ஊட்டினா. தெரியும் எனக்கு."

அவர் கதவைத் தூக்கிவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார். சைக்கிளை எடுக்க மறந்துவிட்டார்.

அடிக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். என் கடை, என் கை. எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொன்னவள்தான். ஆனால் ஆறு வருடமாக அந்த நாற்காலியைக் கண்ணால் பார்த்தவளும் நான்தான். அடித்தேன். வரைபடத்தைத் திறந்து, பதினான்காம் நாளின் மேல் அம்புக்குறியை வைத்து அழித்தேன். எண்பத்துநாலுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவில் அந்தத் தொண்ணூற்று மூன்று இருந்ததால்தான் கோடு அங்கே ஒரு சின்ன மேடாக எழுந்திருந்தது. மேடு போனதும் இருபத்துமூன்று நாளும் ஒரே சரிவாக இறங்கின. பார்க்க அழகாகவே இருந்தது, அதுதான் கொடுமை.

ஒன்பது நாளில் ஏற்புக் கடிதம் வந்தது. திருத்தத்துக்குப் பிறகு வரைபடம் மிகத் தெளிவாக இருக்கிறது என்று இரண்டாம் ஆள் மெச்சியிருந்தார்.

டீச்சருக்கு வேலை கிடைத்தது. மேசை கிடைத்தது, இழுப்பறை வைத்த மேசை. பதிவேட்டில் பெயர் முதல் பக்கத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள். அந்தத் துண்டு சாயங்காலம் வரை மேசையிலேயே இருந்து எறும்புக்குப் போனது. மாடியில் இப்போது சண்டைச் சத்தம் கிடையாது, பேச்சுச் சத்தமும் கிடையாது. காலை ஆறு மணிக்கு அவர் இறங்குவார், எட்டரைக்கு அவள் இறங்குவாள். அவர் சமைத்து மூடி வைப்பார், அவள் எடுத்துச் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டுரை வெளியானதும் நிலவியல் துறைத் தலைவர் அதைத் தூக்கிக்கொண்டு நீர்த்தேக்க அலுவலகத்துக்குப் போய்விட்டார். அடியில் வெடிப்பு இருக்கிறதாம், ஊர்த் தண்ணீரெல்லாம் வீணாகிறதாம். இந்தக் கோடையில் தண்ணீரை வடித்துவிட்டு இயந்திரங்களை இறக்கியிருக்கிறார்கள். களிமண் கொட்டி அடியை அடைக்கிறார்கள்.

"என்ன தம்பி, ஓட்டை கெடைச்சுதா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். நாக்கில் சனி.

"தேடறாங்கக்கா" என்றார். "தினம் போய்ப் பாக்கறேன். தண்ணி கோலுக்குக் கீழ போயிடுச்சு. இருந்தாலும் ஆறரைக்கு எழுதணும். வறண்டதுன்னு எழுதறேன்."

போன வாரம் ஒரு காலை, நான் கதவைத் தூக்கும்போதே வந்து நின்றார். கையில் நாலாக மடித்த தாள். ஆய்விதழில் வந்த பக்கத்தின் நகல். கல்லூரி அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்களாம், எடுத்துவந்துவிட்டார். என் மேசை மேல் விரித்து, மடிப்பைக் கையால் நீவினார்.

"அக்கா, ஒரு உதவி. அந்தப் பழைய படம் உங்ககிட்ட இருக்குமா? புள்ளியோட?"

"இருக்கும் தம்பி. நான் எதையும் தூக்கிப் போடறதில்ல."

"அந்த ஒரு புள்ளியை வச்சு ஒரே ஒரு பிரதி அடிச்சுக் குடுங்க. யாருக்கும் காட்ட மாட்டேன். சட்டைப் பையில வச்சுக்கற மாதிரி சின்னதாப் போதும்."

நான் கணினியைப் போட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை. கோப்பு மேலாகவே இருந்தது, சின்ன அளவில், புள்ளியோடு, அச்சுக்குத் தயாராக. பத்து நாள் முன்னால் ஒரு மத்தியானம் டீச்சர் வந்து நின்று இதையேதான் கேட்டு, அடித்து வாங்கி, கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா என்றாள்.

தாள் வெளியே வந்தது. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலைக் கோட்டின் மேல் இறக்கிக்கொண்டே போய் அந்த மேட்டில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போனார். மணி ஆறே கால்தான் ஆகியிருந்தது.